வடக்கு முனைக் கல்

எல்லைக் கல் வரும்வரை இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு மண்டல அதிகாரி ஜீப் ஏறிப் போன இடத்தில், சங்கிலிக்காரர் இரண்டு மழைக்காலமும் ஒரு முழுக் கோடையும் நின்றுகொண்டிருந்தார். அப்படி ஒருவர் நிற்கிறார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சம்பளம் தவறாமல் வீட்டுக்குப் போனது. வருகைப் பதிவில் அவருக்கு நேரே ‘முகாம் பணி’ என்று குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். முகாம் எங்கே நடக்கிறது என்று கேட்க வேண்டியது யார் பொறுப்பு என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

அரசு நிலம் என்று எதற்கெல்லாம் பெயரோ அதெல்லாம் அந்த அலுவலகத்தின் கையில் இருந்தது. ஏரி, ஆற்றுப்படுகை, மேய்ச்சல் வெளி, புதர்க்காடு, இவற்றுக்கு வடக்கே ஒரு பாறைக் குன்று. இத்தனைக்கும் தலைவியாக வந்த மண்டல அதிகாரி ஐம்பதை நெருங்கிய பெண்மணி. கோடு என்றால் கோடுதான், அதில் அரை அடி அங்கே இங்கே என்ற பேச்சே கிடையாது என்று முதல் நாளே சொன்னதால், ஊர்க்காரர்கள் அவருக்கு எல்லையம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதி கேலி, பாதி பயம். அவர் குழுவில் ஒரு சர்வேயர், ஒரு ஏரிக் காவலர், ஒரு டிரைவர், பிறகு நிலம் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து ஓடும் சங்கிலிக்காரர். சங்கிலி போய் நாடா வந்து, நாடா போய்க் கையடக்கக் கருவி வந்த பிறகும் அவர் சங்கிலிக்காரர்தான். அதிகாரி வந்ததும் தீக்காவலுக்கென்று ஒரு விதி போட்டார். அடுத்த ஆள் வந்து தோளில் கை வைத்து, நான் வந்துட்டேன், நீங்க போங்க என்று சொல்லும்வரை நிற்கிறவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. டீக்கடை வரிசையில்கூடத் தோளில் கை வைத்து இடம் மாறிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது.

குன்றுக்குப் பக்கத்தில் கல் உடைக்கும் ஆலை வைத்திருந்தவரை எல்லோரும் கிரஷர்காரர் என்பார்கள். அவருடைய புல்டோசருக்கு வடக்கு முனை எல்லைக் கல்லின் மேல் தீராத பகை. நட்டால் பிடுங்கும். கல் இல்லாத வாரத்தில் குன்று ஒரு வாய் குறைந்திருக்கும். கல் காணாமல் போன முனையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு மற்ற முனைகளிலிருந்து அளப்பது அந்தக் குழுவின் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் சங்கிலிக்காரரை நிறுத்தி அளந்தார்கள். புதிய கல் மாலைக்குள் வரும் என்று தகவல். புல்டோசர் சற்றுத் தள்ளி உறுமிக்கொண்டு நின்றது. யார் என்ன சொன்னாலும் நகராதீங்க, கல் வர்ற வரைக்கும் நீங்கதான் கல் என்று அதிகாரி சொன்னார். சரிங்க மேடம் என்றார் சங்கிலிக்காரர். அதே நிமிடம் தெற்கே காட்டில் தீ என்று போன் வந்தது. எல்லோரும் ஓடினார்கள். தீயை அணைக்க நான்கு நாள் ஆயிற்று. சங்கிலிக்காரர் சர்வேயரோடு பைக்கில் போயிருப்பார் என்று டிரைவர் நினைத்தார், ஜீப்பில் போயிருப்பார் என்று சர்வேயர் நினைத்தார். கல் அனுப்ப வேண்டிய ஒப்பந்ததாரர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். வருடா வருடம் எல்லைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பெயிண்டர் வந்து வடக்கு முனையில் கல் இருக்குங்க, நல்ல கல் என்று சொன்னதால், கல் வந்து நட்டாயிற்று என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் ஏரி வற்றவில்லை. சுற்று வட்டாரத்துக் குளங்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, இது மட்டும் கரை தொட்டு நின்றது. குன்றில் கிரஷர்காரர் கடித்து எடுத்த பள்ளம் வாரத்துக்கு ஒரு முழம் என்ற கணக்கில் தானாக மூடிக்கொண்டு வந்தது. புதிதாக வளர்ந்த பாறை கொஞ்சம் வெளுப்பாகவும், தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருந்தது. புல்டோசர் கோட்டருகே வந்ததும் நின்றுவிடும், பின்னால் போ என்றால் போகும். மெக்கானிக் ஒருவர் வந்து பிரித்துப் பார்த்து, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, வண்டிக்குத்தான் விருப்பமில்லை என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். திருட்டு விறகுக்குப் போனவர்கள் காலையில் காட்டுக்குள் நுழைந்து, வளையாமல் நேராகவே நடந்து, மதியம் தங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றார்கள். தீ ஒருமுறை கோடு வரை வந்து, ஓரமாகத் திரும்பி நடந்து போனது. வடக்கு முனைப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்கிறது என்று ஏரிக் காவலர் சொன்னார். நரியாக இருக்கும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அவர் நல்ல நிர்வாகம் என்று நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், தலைமையகமே நம்பியது. மற்ற மண்டல அதிகாரிகளை உட்கார வைத்து அவரைப் பேசச் சொன்னார்கள். ஆட்களை நம்புங்கள், சொன்னதை முடித்துவிட்டுத் திரும்பும் குழுவை உருவாக்குங்கள் என்று அரைமணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைத் தன் மேஜைமேல், வந்தவர்கள் பார்வை படும்படி வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாவது மழைக்காலம் முடிந்த வாரம் சங்கிலிக்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கூடை, நல்ல புடவை, பேசிப் பழகாத இடத்தில் பேச வந்தவரின் தயக்கம். அதிகாரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கேம்ப் எப்ப மேடம் முடியும்? பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். அப்பா இல்லாம எப்படிப் பண்றது?”

“எந்த கேம்ப்மா?”

“நீங்க அனுப்பினதுதானே மேடம். போன் போட்டா எடுக்கறார். இன்னும் கல்லு வரலைன்னு மட்டும் சொல்றார். அப்புறம் தண்ணி சத்தம்தான் கேக்குது.”

சர்வேயர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஒரு போன் இத்தனை காலம் சார்ஜ் இல்லாமல் எப்படி எடுக்கும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மண்டல அதிகாரிக்கு மட்டும் அந்த நாளும், புல்டோசர் உறுமலும், தன் குரலும் ஒன்றாகத் திரும்பி வந்தன. டிரைவரிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

சங்கிலிக்காரர் தன்னை நிறுத்திய இடத்தில்தான் இருந்தார். முழங்கால் வரை மண்ணுக்குள் போயிருந்தது. அதற்கு மேல் நெஞ்சு வரை சுண்ணாம்பு, நெஞ்சில் கறுப்புப் பெயிண்டில் முனை எண். சட்டை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத சாம்பல் நிறம். தோளில் பாசி படர்ந்திருந்தது. அதன்மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கண்கள் மட்டும் பழைய கண்களாகவே இருந்தன. பெயிண்டரைக் கூட்டி வந்து கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். “கல்லுன்னுதான் மேடம் நெனச்சேன். பிரஷ்ஷை வெச்சதும், மெதுவா அடிங்க, கூசுதுன்னு சொல்லிச்சு. சரின்னு மெதுவா அடிச்சேன்.” இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று சர்வேயர் பாய்ந்தார். கல்லு இருக்கா இல்லையான்னுதான் கேட்டீங்க என்றார் பெயிண்டர்.

அதிகாரி முன்னால் போய், வாங்க போகலாம் என்றார்.

“கல் வந்துடுச்சா மேடம்?”

“வரல. பரவாயில்ல, நீங்க வாங்க. வீட்ல கல்யாணம்.”

மேடமே சொல்லும்போது மறுக்கக் கூடாது என்று சங்கிலிக்காரர் ஒரு குதிகாலைத் தூக்கினார். மண் மெல்லப் பிளந்தது. அந்த நொடியில் ஏரித் தண்ணீர் கரையிலிருந்து ஓர் ஆள் நீளம் உள்ளே இழுத்துக்கொண்டது. குன்றின் புதிய பாறையில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. டிரைவர் இல்லாத புல்டோசர் இரண்டு முறை இருமிவிட்டுத் தானாக ஸ்டார்ட் ஆனது. சங்கிலிக்காரர் காலை வைத்துவிட்டார். எல்லாம் பழையபடி ஆயிற்று. அதிகாரி அங்கேயே நின்று அழுதார். இதை டிரைவர் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னபோதும் கண்ணில் தூசி விழுந்தது என்றே சொன்னார்.

அதற்குப் பிறகு கல் ஒரே வாரத்தில் வந்தது. இத்தனை நாள் வராத கல், அதிகாரி போனை வைக்காமல் கத்தியதில் வந்துவிட்டது. நட்டார்கள். மறுநாள் அது குழிக்கு வெளியே படுத்துக் கிடந்தது, குழி தூர்ந்து அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது. சுற்றிக் கான்கிரீட் போட்டார்கள். அது காயவே இல்லை, பத்து நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஈரமாக ஒட்டியது. கிரேன் வைத்து இரண்டு ஆள் உயரக் கல் ஒன்றைக் கொண்டு வந்து இறக்கி, இதோ வந்துடுச்சு பாருங்க என்று அதிகாரி காட்டினார். சங்கிலிக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, இது கல் இல்ல மேடம் என்றார். வேற எது கல் என்று அதிகாரி கேட்டார். அவர்கள் காலடியில் மண் லேசாக அசைந்தது. தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல இருந்தது என்று சர்வேயர் சொல்லிவிட்டு, அன்றைக்கு மதியமே உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போனார்.

தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். தற்போதைய நிலை தொடரலாம் என்று பதில் வந்தது. வீட்டில் அதிகாரியின் கணவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பவர். நாலு ஊர் அந்தத் தண்ணியக் குடிக்குது, ஒரு ஆள் நிக்கறார், கஷ்டம்தான், ஆனா யோசிச்சுப் பாரு என்றார். அந்த ஒரு ஆள் நீங்களா இருந்தா என்று அதிகாரி கேட்டார். என்னை ஏன் நிக்க வெக்கறே, நான் உன் டிபார்ட்மென்ட்டே இல்லையே என்றார் கணவர். அதிகாரி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். நடந்ததைக் கேள்விப்பட்டு மனிதாபிமானத்தோடு வந்து பேசியது கிரஷர்காரர் ஒருவர்தான். “பாவம் மேடம், பிள்ளகுட்டிக்காரர். இந்தக் கட்டாந்தரைக்காக ஒரு உசுரை இப்படி வதைக்கலாமா? கூட்டிட்டுப் போங்க. முனைய நான் பாத்துக்கறேன்.” அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அதிகாரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சங்கிலிக்காரரின் மனைவி தினமும் வந்து அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். சண்டை பிடிக்கவில்லை, சாபமும் விடவில்லை. விட்டிருந்தால் அதிகாரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரும்போது முனைக்குப் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வருவார். கொண்டு போன சாப்பாடு அப்படியே திரும்பி வரும். ஒவ்வொரு நாளும் கணவரின் குரல் கொஞ்சம் கம்மிக்கொண்டே போனது, மகள் பெயரைச் சொன்னால் யார் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மாள் எழுந்து உள்ளே வந்து ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

“உங்க ஏரி நெறஞ்சிருக்கு மேடம். எங்க வீட்டுலதான் ஆள் இல்ல.”

அதிகாரி மேஜைமேல் இருந்த கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். சர்வேயரைக் கூப்பிட்டு நிலுவையில் இருந்த வேலைகளை நிதானமாகச் சொன்னார். ஜீப்பில் அந்த அம்மாளையும் ஏற்றிக்கொண்டு முனைக்குப் போனார். பளிச்சென்று வெயில் அடித்த காலை நேரம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சங்கிலிக்காரருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரசும்படி நின்றார். தான் போட்ட விதி தனக்கே இத்தனை நாளாக நினைவுக்கு வராமல் போனதே என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கிப் பாசி படர்ந்த தோளில் வைத்தார்.

“நான் வந்துட்டேன். நீங்க போங்க.”

சங்கிலிக்காரரின் கால்கள் வெளியே வர மதியம் வரை ஆயிற்று. முள்ளங்கியைப் பிடுங்குவது போல மெல்ல மெல்ல ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை ஏரி அசையவில்லை, புல்டோசர் இருமவில்லை. அவர் வெளியே வர வர, அதிகாரியின் பாதம் அதே அளவுக்கு உள்ளே போனது. வலிக்கவில்லை. தெரியாத ஒருவர் இருட்டில் கையைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொள்வது போல இருந்தது. பயமாக இருந்தது, மிகவும் பயமாக இருந்தது. மனைவியின் தோளைப் பிடித்து நடந்து ஜீப் வரை போன சங்கிலிக்காரர் திரும்பி, கல்யாணம் முடிஞ்சதும் வந்து மாத்திடறேன் மேடம் என்றார். அவர் கண்ணில் வெளிச்சம் திரும்பியிருந்தது. அந்த வெளிச்சத்தை அதிகாரி வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் அப்பா புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு அடியில் முனை எண் கறுப்பாகத் தெரிந்தது, எத்தனை தேய்த்தும் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள். மகளின் பெயர் அவருக்கு முதல் வாய் சாப்பாட்டிலேயே நினைவுக்கு வந்தது.

சொன்ன சொல் தவறாமல் அவர் வந்தார். துவைத்துத் தேய்த்த சீருடை, தலையில் எண்ணெய். மனைவியும் வந்தார், ஜீப்பை விட்டு இறங்கவில்லை, தடுக்கவும் இல்லை. மண்டல அதிகாரி அதற்குள் கணுக்கால் தாண்டி இறங்கியிருந்தார். வெகு தூரத்தில் யாரோ ஒரு கிளையை முறித்தால் அவருக்குத் தலைமுடியைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. ஏரியில் வாத்து இறங்கினால் தொண்டையில் குளிர்ந்தது. இத்தனை வருடம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய நிலம் இதுதானா, இவ்வளவு பெரியதா என்று மலைத்துப் போயிருந்தார். சங்கிலிக்காரர் கையைத் தூக்கினார். அந்தக் கை தோளில் பட்டால் போதும், வீடு, கட்டில், கணவரின் குறட்டை எல்லாம் திரும்பக் கிடைக்கும். அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

“கையை எடுங்க. கல் வந்துடுச்சா?”

“இல்ல மேடம்.”

“அப்ப வரட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க.”

அதைச் சொன்னது தானா, மண்ணா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு மனம் லேசாக இருந்தது. சர்வேயரும் ஒருநாள் கையைப் பாதி தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும் அதே பார்வையை அதிகாரி பார்த்ததும், அந்தக் கையால் பிடரியைச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

அலுவலகம் பழகிக்கொண்டது. திங்கட்கிழமைக் கூட்டம் வடக்கு முனையில் நடந்தது, கோப்புகளை டிரைவர் கொண்டு வந்து நீட்டினார், கையெழுத்து கொஞ்சம் கரடுமுரடாக விழுந்தாலும் செல்லும் என்று தலைமையகம் ஒத்துக்கொண்டது. எந்தத் திருட்டும் நடப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுவதால் காவலர்களுக்கு வேலை சுலபமாயிற்று. கிரஷர்காரர் ஆலையை விற்றுவிட்டு ஐஸ் தொழிற்சாலை வைத்தார். கணவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மடக்கு நாற்காலி கொண்டு வந்து, மனைவியால் உட்கார முடியாது என்பதைப் பார்த்துவிட்டு, தானே உட்கார்ந்துகொள்வார். முதலில் வீட்டுப் புகார்களை வரிசையாகச் சொன்னார். போகப் போகப் பேச்சு குறைந்தது. ஒருநாள், நீ இல்லாம வீட்டுல ஒண்ணும் நல்லால்ல என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் கை மனைவியின் தோள் வரைக்கும் வந்தது. அங்கே காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மனைவியின் தலையிலிருந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை மடக்கினார். அதிகாரிக்கு அப்போது அழுகை வந்தது. அந்த ஆண்டு ஏரி ஒரு விரற்கடை உயர்ந்தது.

மழைக்காலம் முடிந்ததும் பெயிண்டர் வாளியோடு வந்தார். எதிரில் நின்று தொண்டையைச் செருமினார்.

“அடிக்கலாமா மேடம்?”

“அடிங்க. விலாப் பக்கம் மட்டும் மெதுவா. கூசும்.”

“நம்பர்?”

“அதே நம்பர்தான்.”

அவர் பொறுமையாக அடித்தார். எண்ணை எழுதி, கலையாமல் இருக்க வாயால் ஊதிக் காய வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி அடுத்த முனைக்கு நடந்தார். அங்கே இருந்தது வெறும் கல்தான். இருந்தாலும் அதனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷை வைத்தார்.